வாய்த்துணியும் கற்கண்டும்

உனக்கு வேறு சோலியே இல்லையா? ஒருத்தர் எச்சில் இன்னொருத்தர் வாய்க்குப் போகப் பார்த்த கதையைக் கேட்க இப்படியா சம்மணம் போட்டு உட்காருவாய்? இப்போதுதானே சாப்பிட்டாய்! நடுவில் குமட்டுகிறது என்று என் பாயில் வாந்தி எடுத்து வைத்தால் நீதான் அலச வேண்டும். இப்போதே சொல்லிவிட்டேன்.

சரி, கேட்டுத் தொலை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். தாராவியில் ஒற்றை அறை வீடு. நான், என் வீட்டுக்காரர், மாமியார், மூன்று பேர். அவருக்குத் தோல் கிடங்கில் வேலை. பம்பாய் முழுக்க ஒரு காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் சந்தில் இருமல் கேட்காத வீடு இல்லை. குழாயடியில் ஒருத்தி குடத்துக்கு மேலேயே தும்முவாள், அடுத்தவள் அதே குடத்தைத் தூக்கிக் கொடுப்பாள். அந்த நேரம் பார்த்து என் மூத்தவன் மாதம் நிறையாமல் பிறந்தான். கையில் எடுத்தால் உரித்த கோழிக்குஞ்சு போல இருப்பான். வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மராட்டி நர்ஸ் ஒருத்தி, நாடா வைத்துத் தைத்த வெள்ளைத் துணி ஒன்றை என் கையில் திணித்தாள். பிள்ளையைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் மூக்கையும் வாயையும் கட்ட வேண்டும், இவனுக்குச் சளி பிடித்தால் தாங்காது என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "சம்ஜி க்யா?" என்று இரண்டு தரம் கேட்டாள். எனக்கு முதல் தரமே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பழைய வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு துணி தைத்தேன். மறுநாள் பார்த்தால், நர்ஸ் கொடுத்ததை நான் கட்டிக்கொண்டது போக, ஆணியில் ஒன்றுதான் தொங்கியது. மற்றதெல்லாம் கரித்துணி ஆகிவிட்டது. அந்த ஒன்றையும் மாமியார் எதற்கெல்லாம் எடுத்தாள் தெரியுமா? கட்டிக்கொண்டு பிள்ளையைக் கொஞ்சுவாள், அவிழ்த்து டீ வடிகட்டுவாள், அதிலேயே மூக்கைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டுவாள். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து அதையே எடுத்து, மூக்கை விட்டுவிட்டுத் தாடையில் கட்டிக்கொள்வார். பக்கத்து வீட்டு மதினி இன்னும் கெட்டி. தும்மல் வந்தால் துணியைத் தூக்கிவிட்டுத் தும்முவாள், பிறகு இறக்கி விடுவாள்.

"என்ன மதினி இது?" என்றால், "வெள்ளத் துணி பிள்ள, அழுக்காயிரும்லா!" என்பாள்.

ஒருநாள் பொறுக்காமல் மாமியாரிடம் சத்தம் போட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, நாம ரயில்ல ஏறுனா மாட்டுங்கா பொம்பளைய மூக்கப் பொத்துதாளுவ. இப்ப நீ என் வீட்டுக்குள்ளயே எம்மூஞ்சிக்கு நேரா மூக்கப் பொத்துத. எம்மவன் கொண்டு வாற தோல் நாத்தம் ஒனக்கு ஆவலியோ?"

தோல் வேலை பார்க்கிற எங்கள் ஆட்களைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிற மாட்டுங்கா மேல்சாதிக்காரர்களைப் பார்த்துப் பார்த்து வெந்தவள் அவள். காய்ச்சல் கண்ணுக்குத் தெரியவில்லை, அவமானம் தெரிந்தது.

அதற்குள் வெள்ளிக்கிழமை சேனை தொடுவது என்று முடிவு செய்துவிட்டாள். சேனை என்றால், பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரிய ஆள் ஒருத்தர் இனிப்புத் தொட்டு வைப்பது. தொடுகிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது என் மாமனாரின் அண்ணன் வேலை. கோவண்டியில் இருந்தார். முதலில் பம்பாய்க்கு வந்து எல்லோருக்கும் வேலை பிடித்துக் கொடுத்தவர், அதனால் அவர் வைத்ததுதான் சட்டம். ஊரெல்லாம் சங்கில் சீனித் தண்ணீர் எடுப்பார்கள். இவருக்கு அது போதாது. கற்கண்டைத் தன் வாயில் போட்டு நன்றாக உருட்டி, ஊறிய பிறகு விரலால் வழித்துப் பிள்ளை நாக்கில் தடவுவார். குணம் நேராக இறங்குமாம்!

புதன்கிழமை சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார். கண் சிவந்து, உடம்பு கொதித்து, இருமி இருமி வந்தார். வாசலில் காறித் துப்பிவிட்டு உட்கார்ந்தார். வாயில் அப்போதும் கற்கண்டு.

"மாமா, மேலு சுடுதே. ஒரு துணியாவது கட்டிக்கிடுங்க" என்றேன்.

"எனக்கா? ஒழைக்கிற ஒடம்புக்கு நோய் அண்டாது பிள்ள. பயந்தவனுக்குத்தான் அது வரும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கற்கண்டு தெறித்துத் தரையில் விழுந்தது. மாமியார் கால் பட்ட இடம். எடுத்தார், வேட்டியில் ஒரு துடைப்பு, திரும்பவும் வாய்க்குள். அந்த வாய்தான் வெள்ளிக்கிழமை என் பிள்ளை நாக்குக்கு வரப்போகிறது.

இரவில் வீட்டுக்காரரிடம் அழுதேன். "பெரியப்பாவ வேண்டாம்னு சொல்ல முடியுமாட்டி?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மாமியார் அவரை அழைத்துவர மாஹிம் ஸ்டேஷனுக்குப் போனாள். நான் சந்து முனை அம்மன் கோயிலுக்கு ஓடினேன். "ஆத்தா, ஒம்பேர எம்பிள்ளைக்காக எடுத்துக்கிடுதேன், கோவிச்சுக்காத" என்று சொல்லி, வேப்பங்குலை ஒடித்து வந்து நிலையில் செருகினேன். குறுக்கே சேலையைத் திரை கட்டினேன். மஞ்சளை அரைத்து முகத்தில் புள்ளி புள்ளியாக வைத்துப் பிள்ளையோடு படுத்துவிட்டேன். அம்மை முத்துக்குப் பஞ்சமில்லை. மாஹிம் ஓடைக் கொசு ஏற்கெனவே கைகால் முழுக்கப் போட்டு வைத்திருந்தது.

வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்த மாமியார் "தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பயந்தவனுக்குத்தான் நோய் வரும் என்ற மனிதர் எத்தனை அடி பின்னால் போனார் என்கிறாய்? சாக்கடையில் கால் வைத்துவிட்டார். தோள் துண்டை உருவி மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். கற்கண்டு உள்ளே போன சத்தம் எனக்குக் கேட்டது.

"பிள்ளைய வெளிய தூக்கிருவமா?" என்றாள் மாமியார்.

திரைக்குள்ளிருந்து குரலை இழுத்துச் சொன்னேன்: "பால்குடிய என்கிட்டருந்து பிரிக்கப்புடாதாம்... யாரும் கிட்ட வரப்புடாதாம்..."

அதற்கு மேல் ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கிடங்கில் படுத்தார், மாமியார் மதினி வீட்டில். கூழும் மோரும் வாசலில் வந்து இறங்கின. மதினி ஒருநாள் கூழ்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணை மூடிக் கும்பிட்டாள். அப்படியே அதற்குள் இருமினாள். அதை நான் சாக்கடையில் ஊற்றினேன், ஆத்தாவும் அதைக் குடித்திருக்க மாட்டாள். சந்தில் இருமல் ஓயும்வரை "ஆத்தா இன்னும் எறங்கல அத்தே" என்று நாளைக் கடத்தினேன்.

கோவண்டியில் பெரிய மாமா அன்று ராத்திரியே விழுந்தார். அவருக்குப் பின்னால் வீட்டில் வரிசையாக எல்லோரும் விழுந்தார்கள். பிழைத்தார்கள், ஆனால் எழுந்து நடமாட நாளாயிற்று. "கற்கண்ட முழுங்குனேம்லா, அந்தத் தெய்வக் குத்தம்" என்றாராம். அப்போதும் காய்ச்சல் என்று சொல்லவில்லை.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அன்று, கொதித்து ஆறிய சீனித் தண்ணீரில் நானே பிள்ளைக்குச் சேனை தொட்டேன். அவன் வாய் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத்தான் தெரியுமே.

குழாயடியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மதினிதான் கேட்டாள்: "ஏ பிள்ள, அம்ம வந்த மூஞ்சியில ஒரு தழும்பக்கூடக் காணுமே?"

நான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னேன்: "நான்தான் மூக்கையும் வாயையும் துணியால கட்டியிருந்தேம்லா மதினி. ஆத்தா வந்து பாத்தா, உள்ள போவ வழியில்ல. வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டா."

மறுநாள் குழாயடியில் பாதிப் பேர் வாயில் துணி. மதினியும் கட்டியிருந்தாள். தும்மல் வந்தது. தூக்கிவிட்டுத்தான் தும்மினாள்.