அக்காவின் ஓடைக்குள் நாங்கள் ஊற்றிய எண்ணெய்

அக்காவைப் பற்றி உருக்கமாக எழுதும்படி இந்த நினைவு மலரில் ஒரு பக்கத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு உருக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அதை மூடி மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

அக்கா காரைநகரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் ஐயா வேளைக்கே காலமாகிவிட, ரியூசன் சொல்லிக்கொடுத்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். பின்னர் அத்தானோடு சாம்பியாவுக்குப் போய் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்தார். போன முதல் கிழமையே ஒரு பிழை விட்டார். சவர்க்காரத்தோடு ஆற்றுக்குள் இறங்கக் கூடாது, தண்ணீரை அள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய்த்தான் தோய்க்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அது தெரியாமல் அக்கா ஆற்றுக்குள்ளேயே நின்று உடுப்புத் தோய்த்துவிட்டார். அன்று பின்னேரம் ஊர்ப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயந்து கதவைத் திறந்தாராம். பிறகு நடந்ததை எங்களுக்கு ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்.

“‘நாங்கள் உனக்குச் சொல்லித் தரேல்லை, அதாலை இது எங்கட பிழையும்தான்’ எண்டவை. ‘இந்த ஆறு செத்தவைக்கும் சொந்தம், இனிப் பிறக்கப்போறவைக்கும் சொந்தம், மீனுக்கும் சொந்தம். நாங்கள் இடையிலை வந்து குடிச்சிட்டுப் போற ஆக்கள்’ எண்டவை. எனக்கெண்டால் நிலத்துக்குள்ளை போயிடலாம் போலை இருந்தது.”

மற்றவர்களால்தான் ஒருவர் மனிதராகிறார் என்று அங்கே சொல்வார்களாம். அந்த மற்றவர்களுக்குள் ஆறும் மரமும் அடக்கம். அக்கா அதைக் கதையாகக் கேட்டுவிட்டு வரவில்லை, அப்படியே வாழ்ந்தார்.

பிறகு நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்தபோது அவருடைய ஆசிரியச் சான்றிதழை ஒருவரும் மதிக்கவில்லை. பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டினார். சனிக்கிழமைகளில் ஏவன்டேல் வீட்டின் பின்னால் ஓடும் ஓடைக்குள் கம்பூட்ஸ் சப்பாத்தோடு இறங்கிப் பிளாஸ்ரிக் பொறுக்கினார். வீதியோர மழைநீர்க் கானுக்குள் விழுவதெல்லாம் நேரே ஓடைக்குத்தான் போகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அதே ஊரில் இருந்த நாங்கள் என்ன செய்தோம்? “ஆபிரிக்கா அக்கா வெளிக்கிட்டிட்டா” என்று நக்கலடித்தோம். வீட்டு மொட்கேஜ் கதைக்கவும் கலியாண வீட்டு வீடியோ பார்க்கவும் எங்களுக்கு நேரம் இருந்தது, அரை மணித்தியாலம் ஓடைக்குள் இறங்க மட்டும் நேரம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், “தம்பி, நல்ல மழை பெய்தது. கான் அடைச்சிருக்கும், ஒருக்காப் போய்ப் பாரன்” என்றார். “ஓம் அக்கா” என்றேன். போகவில்லை.

அக்கா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவருக்குப் பிடித்த வடையைப் படைக்க வேண்டும் என்று அவர் வீட்டு வாசலில் எண்ணெய்த் தாச்சி வைத்துச் சுட்டோம். படையல் முடிந்ததும் பெரியம்மாவின் மகன், மிஞ்சிய எண்ணெயோடு இருந்த தாச்சியின் ஒரு காதைப் பிடித்தார். “மற்றக் காதைப் பிடியடாப்பா, உந்தக் கானுக்குள்ளை ஊத்திவிடுவம்” என்றார்.

“அண்ணை, அக்கா எப்பவும் சொல்லுறவா...” என்று இழுத்தேன்.

“அக்காவே இல்லை. இனி ஆர் பாக்கப்போகினம்?”

மற்றக் காதைப் பிடித்தது நான்தான். அண்ணையைத் திட்ட நினைப்பவர்கள் முதலில் என்னைத் திட்டுங்கள். பிறகு, கையில் வடையோடு பார்த்துக்கொண்டு நின்ற உங்களையும் திட்டிக்கொள்ளுங்கள். வாயைத் திறக்க ஒருவர்கூட இருக்கவில்லை.

மறுநாள் காலை ஓடையெங்கும் எண்ணெய்ப் படலம். வடைத் தூளும் மிதந்தது. ஒரு வாத்து ஒட்டிப்போன செட்டையை உதறி உதறிப் பார்த்தது. எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

நன்றி கூற வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. எல்லோருக்கும் முன்னதாக நன்றி சொல்ல வேண்டியது பக்கத்து வீட்டுச் சமோவாக்கார அம்மாவுக்கு. முழங்கால் வருத்தத்தோடு, தன் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, பழைய துவாய்களை விரித்து அந்த எண்ணெயை ஒற்றி எடுத்தவர் அவர்தான். துவாயைப் பிழிந்தபடி என்னிடம் ஒன்று கேட்டார்.

“செத்தவீட்டில் அவ்வளவு சனத்தைக் கண்டேன். எல்லோரும் சொந்தக்காரர் என்றார்கள். அப்படியென்றால் இந்த ஓடைக்குள் உன் அக்கா ஏன் எப்போதும் தனியாக நின்றார்?”

திவசச் சாப்பாட்டுக்கு வரும் உறவுகளே, சாப்பிட இலையில் இருக்க முன்னர் அந்த அம்மாவின் கதவைத் தட்டி, அதற்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.