புரட்டாசியில் ஒரு புற்றுக்காளான்

நானெல்லாம் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதோடு நின்றவன். திருப்பதியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் இருபது வருடமாக அட்டெண்டர். கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டே பாடம் கேட்டவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். திறந்த ஒரு நாளைப் பற்றித்தான் இது.

போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி விடுமுறை. முந்தின நாள் நல்ல மழை. நாங்கள் இருப்பது புத்தூர்ப் பக்கத்தில்; அங்கே எங்கள் வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் ஒரு கரையான் புற்று. காலையில் போனால் அதைச் சுற்றிக் குடை குடையாகக் காளான். துண்டில் கட்டிக்கொண்டு வந்தேன். என் மனைவிக்கு அது உயிர். உடனே மிளகு அரைக்க உட்கார்ந்துவிட்டாள். மண்ணில் முளைக்கிற காய்கறிதானே என்பது அவள் எண்ணம். எனக்கும் அந்த நேரத்தில் எதுவும் தோன்றவில்லை.

மத்தியானம் அவள் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். பக்கத்துத் தெருவிலிருக்கும் என் அக்கா உள்ளே வந்தாள். மறுநாள் சனிக்கிழமை நாங்கள் மூவரும் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடப்பதாக இருந்தோம். முந்தின வருடம் எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது மனைவி வேண்டிக்கொண்டது அது. புரட்டாசியில் கவிச்சி தொடாமல் இருந்து படி ஏறுவதாக.

"இன்னாடி துன்னுகினு இருக்கிற? காளானா? புரட்டாசில?"

"மண்ணுல மொளச்சதுதான, அண்ணி?"

"கறி மாதிரி வாசல் வரைக்கும் மணக்குது! எங்க மாமியார் வூட்டுல இந்த மாசம் இத உள்ளயே விடமாட்டாங்க. விரதம் பூடுச்சு, போ."

மனைவி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று. என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. இது செடிதான?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"செடி இல்ல," என்றேன். "பச்சை கெடையாது. தானா சாப்பாடு செஞ்சிக்காது. மக்குனதத்தான் துன்னும். அதோட தோல்ல எறா ஓட்டுல இருக்கிற அதே சரக்குதான் இருக்குது."

"எறாவா!" அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

"அதுக்காக மிருகமும் இல்ல. அது தனி வம்சம்."

"உன்ன மாதிரின்னு சொல்லு. எதுலயும் சேராத ஜென்மம்."

மனைவி சிரிக்கவில்லை. "பறிச்சப்ப அது செத்துச்சா?" என்று கேட்டாள்.

காலையில் பழக்கதோஷத்தில் ஒரு காளானின் காம்பைக் கிள்ளிவிட்டு, குடையை மட்டும் செய்தித்தாள்மேல் வைத்திருந்தேன். அதைத் தூக்கிக் காட்டினேன். தாளில் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் போல வெளிர்சிவப்பாகத் தூள் படிந்திருந்தது.

"இதான் அதோட வித்து. குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்குதில்ல, அங்கேருந்து கொட்டுது. காத்துல போயி எங்கியாவது மொளைக்கும். நாம பறிச்சது காய் மாதிரிதான். ஒடம்பு புத்துக்குள்ள நூல் நூலா கீது. கரையான் தீனி போட்டு அத வளக்குது. அது சாவல. அடுத்த மழைக்கு மறுபடியும் குடை வரும்."

நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. தாளை வாங்கி, தூளில் மூச்சுப் படாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுரு போவலன்னா அது கவிச்சி இல்ல, அண்ணி. நான் நடக்கிறேன்."

"சாமி கேட்டா இன்னா சொல்லுவ?"

"இவரும்தான வராரு. இவரே சொல்லட்டும்."

ஆனாலும் மீதியை அவள் தொடவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்க துன்னுங்க. உங்களுக்குத்தான் விரதம் இல்லயே."

மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பதி போய், ஆட்டோவில் அலிபிரியில் இறங்கி நடந்தோம். அக்காவும் வந்தாள். மத்தியானத்துக்குள் மூவரும் மேலே போய்ச் சேர்ந்தோம்.