மதிய நித்திரைக்குக் காவல்

பேசாலையில் பகல் இரண்டு மணியளவில் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கும். சோளகக் காற்று மட்டும் ஓலைவேலியைத் தடவிக்கொண்டிருக்கும். யன்னல் சீலைக்கூடாக வரும் வெயிலில் எங்கள் அறை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தோன்றும். அந்த நேரத்தில் மனைவி கட்டிலில் படுப்பதும் நான் பக்கத்துக் கதிரையில் இருப்பதும் எட்டு வருடப் பழக்கம்.

பதினாறு வயதிலிருந்து அவளுக்கு இன்சுலின் ஊசி. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் படுத்தவள், இரத்தத்தில் சீனி இறங்கி, எழுப்பியும் எழும்பவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தாள். அந்த வருடமே நான் பத்திரிகைக் கந்தோர் வேலையை விட்டேன். அதன்பின் அவள் தனியாகக் கண்ணயர்ந்ததில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவளை ஒரு புதுக் கருவியின் ஆய்வில் சேர்த்தார்கள். கையில் ஒட்டிய சென்சர் ஐந்து நிமிடத்துக்கொரு தடவை சீனியை அளக்கும். அதைப் பார்த்து இடுப்பிலுள்ள பம்ப் தானாகவே இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். நாளாக நாளாக அவளுடைய உடலின் போக்கையும் பழகிக்கொள்ளும். எங்களுக்கு இரண்டே விதிகள். வாயில் போடுவதையெல்லாம் போனில் பதிய வேண்டும். அலாரம் அடிக்கும்வரை கருவியின் வேலையில் குறுக்கிடக் கூடாது.

சீனி எழுபதுக்கு இறங்கினால்தான் அலாரம் அடிக்கும். நான் போன் திரையில் தொண்ணூறைக் கண்டதுமே எழும்பிவிடுவேன். அவள் தலையை உயர்த்தி, பனங்கட்டி கரைத்த தண்ணீரைப் பருக்குவேன். அரைக்கண்ணால் பார்த்துக் குடித்துவிட்டு மறுபடி சரிவாள். அதை நான் பதிவதில்லை.

"இண்டைக்கும் கனவில ஆரோ எனக்கு இனிப்புத் தண்ணி தந்தவை" என்பாள் எழும்பியதும். நான் தேநீர் போடப் போய்விடுவேன்.

கருவி பூட்டிய மூன்றாம் கிழமை, ஆய்வுக் குழுவிலிருந்த இளம் டொக்டர் அவளுக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அன்ரி, ஒவ்வொரு நாளும் ரண்டரைக்கு உங்கட சீனி ஏறுது. ஒண்டும் சாப்பிட்டதாப் பதிவில்லை. மெசின் அதைப் பழகி அந்த நேரத்துக்குக் கூட இன்சுலின் குடுக்கத் தொடங்கியிட்டுது. காரணம் தெரியாட்டி உங்களை ஆய்வில வைச்சிருக்கேலாது."

சீனி இறங்கிவிடும் என்ற என் பயம்தான் அதை இறக்கும் மருந்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னேன்.

மனைவி என்னை நிதானமாகப் பார்த்தாள். "அப்ப என்ர கனவுக்குள்ளயும் வந்து காவல் நிண்டது நீங்கள்தானோ?"

டொக்டர் சிரித்துவிட்டார். "அன்ரி, ஐயாவைக் கொஞ்சம் கட்டி வையுங்கோ. இன்னும் ஒரு கிழமை பாப்பம். திரும்ப நடந்தா கழட்டத்தான் வேணும்."

அன்று மத்தியானம் படுக்கும்போது அவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, அது அடிக்குமட்டும் என்னைத் தொடப்படாது. இதைக் கழட்டினா, சாகுமட்டும் நான் உங்கட முழிக்கு முன்னாலதான் கண்மூட வேணும்."

"சரி."

"சரியெண்டு போட்டு சட்டிக்குள்ள என்ன கரைச்சு வைச்சிருக்கிறியள்?"

சட்டியைக் கொண்டுபோய்க் குசினியில் ஊற்றிவிட்டு வந்து இருந்தேன்.

நூற்றுநான்கு. தொண்ணூற்றேழு. தொண்ணூற்றொன்று. பம்ப் இன்சுலினை நிறுத்திவிட்டதாகத் திரை காட்டியது. எண்பத்தாறு. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். யன்னல் சீலை காற்றில் புடைத்துத் தாழ்ந்தது. அவள் மூச்சும் அப்படியே. சற்று நேரம் எது எதுவென்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. எழுபத்தொன்பது. எழுபத்தைந்து. எழுபத்துநான்கு. வெளியே ஒரு கழுதை வேலியோரமாக நடந்து போனது. அது போய்முடியவே ஒரு பகல் எடுத்தது போலிருந்தது.

எழுபத்துநான்கு. பிறகு எழுபத்தாறு. எண்பத்தொன்று.

அவள் அசையவில்லை. அலாரம் அடித்தால் அவளே எழும்பும்படி போனைத் தலைமாட்டில் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். வெயிலில் தொடுவானம் கரைந்து, தூரத்துப் படகுகள் தண்ணீரை விட்டு மேலே மிதப்பதுபோல் நின்றன. கரையிலேற்றிய படகின் நிழலில் பக்கத்து வீட்டுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, இந்த வெயிலுக்க? அக்கா எங்க?"

"நித்திரை."

அவர் வலை ஊசியை நிறுத்தினார். "தனியவோ?"

"ஓம்."

வலையை ஒருபக்கம் ஒதுக்கி, நிழலில் எனக்கு இடம் விட்டார்.