சகாயராணி கடைக்கு டி.வி. வந்த சீசன்

கொடைக்கானலில் மே மாதம் வந்துவிட்டால் குளிரைத் தவிர எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிடும். ஏரிக்கரையில் குடும்பத்தோடு தோசை தின்றவர்களுக்கு பில்லைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிடும். அப்படி மிரண்டவர்களை டாக்சிக்காரர்கள் கூட்டிவரும் இடம், மாதா கோயிலுக்குப் பின்னால் பழைய பஜார் சந்தில் இருந்த சகாயராணி கடை. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். உள்ளே இரண்டு பெஞ்சு. பதினைந்து ரூபாய்க்குச் சோறு, பட்டர்பீன்ஸ் குழம்பு, மிளகு ரசம். இரண்டாம் தடவை சோறு கேட்டால் முகம் சுளிக்க மாட்டாள். கேட்காமல் எழுந்தால்தான் திட்டுவாள்.

சீசன்காரர்கள் வருவார்கள், போவார்கள். கடையைத் தாங்கியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் ஆட்கள்தான். அதில் கீழே மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்து மூக்கையா ஒருவர். குதிரையில் காப்பிக்கொட்டை மூட்டை ஏற்றி, ஒற்றையடிப் பாதையில் வெள்ளனே கிளம்பி மேலேறி வருவார். விற்று முடித்து மூன்று மணிக்குச் சுவரோரம் வந்து உட்காருவார். பதினோரு வருஷமாக அந்த இடம் அவருக்குத்தான்.

"இம்புட்டு மேடு ஏறி வர்றது ஒன் ரசத்துக்குத்தான் ஆத்தா" என்பார். சகாயராணிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

2008இல் ஐ.பி.எல். என்று ஒன்று புதிதாக வந்தது. சீசனும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, அவள் புருஷன் பரமானந்தம் எங்கிருந்தோ பழைய டி.வி. ஒன்றைத் தூக்கிவந்து மாட்டினான். கூட்டம் அலைமோதியது. ஆம்லெட் போட்டுப் போட்டு அவளுக்குக் கை வலித்தது. அந்த வலிகூட இனித்தது என்பதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு நாலு மணிக்குச் சென்னை ஆட்டம். மூன்றரை மணிக்கே மதுரைப் பையன்கள் ஐந்து பேர் வாசலில் வந்து நின்று, "அக்கா, எடம் இருக்கா?" என்றார்கள். சுவரோரம் மூக்கையா அப்போதுதான் குழம்புச் சோற்றை முடித்து ரசத்துக்கு வந்திருந்தார். சகாயராணி அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒங்களுக்குத்தான் இந்த மேட்செல்லாம் புரியாதே. எலையத் தூக்கிட்டு வெளிய படியில உக்காந்துக்கிறீங்களா?"

"அதுக்கென்னத்தா" என்று அவர் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து போனார்.

கொஞ்ச நேரம் கழித்து ரசச் சட்டியோடு வெளியே வந்தால், படியில் ஆளைக் காணோம். இலை மூடியிருந்தது. பிரித்துப் பார்த்தாள், பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வெளியே உட்கார்ந்து தின்னு என்ற சொல்லை அவர் வயசுக்காரர்கள் எத்தனை வாசலில் கேட்டிருப்பார்கள்! அவளுடைய அம்மாவே பங்களாவில் பாத்திரம் தேய்த்து, புறவாசலில் நின்று தட்டு வாங்கியவள். தெரிந்திருந்தும் சொல்லிவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவரு ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டாரு, விடு" என்றான் பரமானந்தம். அவள் விடவில்லை. கடைசி ஆட்டம் வருமுன்பே டி.வி.யைக் கழற்றி வைத்தாள். சுவரோரம் யாரையும் உட்கார விடாமல் மூன்று ஞாயிறு காத்திருந்தாள். அவர் வரவில்லை. நாலாவது ஞாயிறு, கடையைப் பரமானந்தத்திடம் விட்டுவிட்டுச் சந்தைக்கே போனாள். குழாயடியில் குதிரையைப் பிடித்தபடி மூக்கையா ஒரு பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மிச்சத்தை மடியில் செருகிக்கொண்டு வாயைத் துடைத்தார்.

"வாத்தா. சொகமா இருக்கியா?"

"அண்ணே, அன்னைக்கு நான் புத்தியில்லாம ஒரு வார்த்தை சொல்லிட்டேன்…"

"என்னைக்குத்தா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே" என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவர் கோபப்பட்டிருந்தால் சந்தை என்றும் பாராமல் காலில் விழுந்திருப்பாள். ஒன்றுமே நடக்கவில்லை என்கிற மனுஷனிடம் எதற்கென்று மன்னிப்புக் கேட்பது?

"சோறு ஆறிப்போயிரும், வாங்கண்ணே."

"இப்பத்தான் சாப்ட்டேன். வயிறு நெறஞ்சு கெடக்குத்தா. ஒனக்குக் கடையில சோலி கெடக்கும், நீ வெரசாப் போ."

அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறுகள் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு தடவைகூட அவர் முகம் கொடுத்துப் பேசாமல் போனதில்லை. ஒரு தடவைகூடப் பசிக்கிறது என்றும் சொன்னதில்லை.