கிண்டி வரைக்கும் ஓடும் வண்டி

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று அலுவலகத்தில் சொன்ன நாளிலிருந்து, அபிராமபுரத்தில் எங்கள் மாடி வீட்டுக்கும் கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்கும் ஏறி இறங்குவதே என் பிழைப்பாகிவிட்டது. கீழே நின்றது என் மோட்டார் சைக்கிள். தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் போகிற உயரமான ரகம். கார்புரேட்டர் காலத்து மாடல். வாங்கும்போதே பழசு. மெட்ரோ வேலைக்குத் தோண்டிப்போட்ட மயிலாப்பூர்த் தெருக்களுக்கு இதுதான் சரி என்று சொல்லித்தான் மனைவியைச் சம்மதிக்க வைத்தேன். உண்மையில் எனக்கு வேண்டியது ஜவ்வாது மலை. விடியற்காலையில் கிளம்பி, போன் சிக்னல் கிடைக்காத வளைவுகளில் ஏறிப் போக வேண்டும். அந்த நினைப்பு வந்தாலே கால் தரையில் நிற்காது.

போக விட்டால்தானே! ஆயுத பூஜை கழிந்து சில வாரங்களில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. வீட்டில் முதல் உதையிலேயே கிளம்பும். நந்தனம், சைதாப்பேட்டை எல்லாம் சமர்த்தாகத் தாண்டும். கிண்டி வந்ததும் இருமும், முக்கும், நின்றுவிடும். ஓரமாகத் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஒரு டீ குடித்துவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி உயிர் வரும். அதற்கு மேல் போகத் தைரியம் வராது. வீடு திரும்புவதற்குள் இன்னொரு தரம் நிற்கும். கிண்டி டீக்கடையில் நான் சொல்லாமலே சர்க்கரை குறைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிளக்கை மாற்றினேன். பெட்ரோல் டியூபை மாற்றினேன். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலை இறக்கிவிட்டு, கார்புரேட்டரைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பி, பித்தளைத் துண்டுகளின் ஊசித்துளைகளை ஒவ்வொன்றாக ஊதினேன். எல்லாம் பூட்டி உதைத்தால் கணீரென்று ஓடும். ஜெயித்துவிட்டேன் என்று கிளம்புவேன். மறுபடியும் கிண்டி, மறுபடியும் டீ. ஒரு நாள் ஆத்திரத்தில் அதன் டயரை எட்டி உதைத்தேன், வலித்தது எனக்குத்தான்.

மனைவியையும் ஒரு முறை ஏற்றிக்கொண்டு போனேன். அடையாறு பாலத்து நடுவில் நின்றது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார். அவள் மெதுவாக இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, பேசாமல் ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இரவு சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"சோத்துலயும் பெட்ரோல் நாத்தம். அத்த வித்துடுங்க. இல்லனா அதோடயே குடும்பம் நடத்துங்க."

எனக்கும் வெறுத்துப் போயிருந்தது. போனில் விளம்பரம் போட்டேன். வேளச்சேரிக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவளிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் சந்தனக் கிண்ணத்தோடு கீழே வந்தாள். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்தவள், அதை வெள்ளிக்கிழமைப் பழக்கமாகவே ஆக்கிவிட்டிருந்தாள். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று சிடுசிடுத்தேன்.

"விக்கிற வரைக்கும் நீங்கதான ஓட்டுறீங்க?" என்றாள்.

ஞாயிறு காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் வருவதற்குள் கடைசியாக ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று கிளம்பினேன். சாந்தோம் போனேன், மந்தைவெளிக்குத் திரும்பினேன், எங்கே போகிறேன் என்று தெரியாமலே பாலத்தைத் தாண்டினேன். அடையாறு பக்கம் ஒரு பழைய பெரிய தோட்டத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வண்டி நின்றது. மர நிழல், ஆள் நடமாட்டம் இல்லை. கடைசி நாள்கூட என்னை அவமானப்படுத்துகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

எதிரே ஆட்டோவில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். "இன்னா நைனா, பெட்ரோல் கீதா பாத்தியா?"

இத்தனை மாதம் உயிரைக் கொடுத்திருக்கிறேன், என்னிடம் பெட்ரோலா கேட்கிறார்? அவர் கண்ணிலேயே காட்டிவிடலாம் என்று சாவியைப் போட்டு மூடியை வெடுக்கென்று திறந்தேன்.

'உஸ்' என்றது. கிண்டி இரைச்சலில் ஒரு நாளும் என் காதில் விழாத சத்தம்.

மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். அதன் நடுவில் ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்தத் துளையைக் காணோம். வாராவாரம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த சந்தனம் காய்ந்து சிமெண்டாக அடைத்திருந்தது. மேலே குங்குமம். வண்டிக்கு அதுதான் நெற்றி என்று அவள் முடிவு செய்திருக்கிறாள். கார்புரேட்டரைக் கழற்றவும் பெட்ரோலைப் பார்க்கவும் நான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் டேங்கில் காற்று நிறைந்திருக்கிறது. அந்தக் காற்றுதான் கிண்டி வரைக்கும் வந்திருக்கிறது.

ஆட்டோக்காரரிடம் ஒரு குண்டூசி வாங்கிக் குத்தி எடுத்தேன். வண்டி சீறியது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை. நிற்கவே இல்லை. கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தினேன். அப்படியே போய்விடலாம். ஆனால் வேளச்சேரிக்காரர் வந்துவிடுவாரே என்று திரும்பினேன்.

அவள் கீழேயே நின்றிருந்தாள். மூடியைக் காட்டிச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிப் போனது.

"நான் வெச்ச பொட்டா?"

"ஆமா. கிண்டிய தாண்ட விடாம புடிச்சு வெச்சது அதுதான்."

அவள் மூடியை விரலால் தடவினாள். "தூரமா எங்கயும் போகாம திரும்பி வந்துடணும்னு வேண்டிக்கினுதான் வெப்பேன்" என்றாள்.

இவள் வண்டியை வெறுக்கிறாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன் அடித்தது. வேளச்சேரிக்காரர். என் கையிலிருந்து அவளே வாங்கினாள்.

"வண்டி குடுக்கறதா இல்லீங்க. மன்னிச்சுக்குங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். முன்விளக்கைக் காட்டி, இனிமேல் இங்கே வை என்றேன். மறுநாள் விடியற்காலையில் ஜவ்வாது மலைக்குக் கிளம்பப் போகிறேன் என்றும் சொன்னேன். சந்தனம் தொட்ட அவள் விரல், பழக்கத்தில் டேங்க் மூடிக்குத்தான் போனது. துளைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் குனிந்து, முன்விளக்கில் பொட்டு வைத்தாள்.