சாக்கடைக்கு அந்தப் பக்கம் வேறு வார்டு

எங்கள் வார்டின் வரலாற்றை யாராவது எழுதினால் முதல் வரியிலேயே எங்கள் தெருவில் வர்க்கி பிஸ்கட் விற்கும் அந்தக் கடைக்காரரைத் திட்ட வேண்டும். யாரும் எழுதப்போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முன்பு மேல் தெருவும் எங்கள் கீழ்த் தெருவும் ஒரே வார்டு. மலையூரில் தெருக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது, ஒன்றின் தலைக்கு மேல் இன்னொன்று இருக்கும். எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரு சாக்கடை. அதைத் தாண்டினால் செங்குத்தான மண்மேடு. மேட்டின் உச்சியில் மேல் தெரு. மழைக்காலத்தில் மண் பொலபொலவென்று உதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அம்மா சோறு வடிப்பார். மேட்டுக்கு ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். மார்க்கெட்டில் காய்கறிக்கடை வைத்திருந்த அத்தா எந்த அரசியல்வாதியிடமும் கேட்டது அது ஒன்றைத்தான்.

அப்போதைய கவுன்சிலர் மேல் தெருக்காரர். நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அத்தா நடையாய் நடந்ததில் ஒருநாள் லாரியில் கருங்கல் வந்து மேட்டோரம் இறங்கியது. கல் இறக்கியவர்களுக்கெல்லாம் அம்மா டீ போட்டுக் கொடுத்தார்.

அதற்குள் தண்ணீர்ச் சண்டை முற்றிவிட்டது. தண்ணீரெல்லாம் கீழே ஓடிவிடுகிறது என்று மேல் தெருக்காரர்கள் எங்கள் வால்வை மூடிவிடுவார்கள். எங்கள் ஆட்கள் போய்த் திறப்பார்கள். இதுதான் சாக்கு என்று வர்க்கிக்கடைக்காரர் கிளம்பினார். "நம்ம தெருவுக்குன்னு தனியா ஒரு கவுன்சிலர் இருந்தா இவனுக வால்வத் தொடுவானுகளா?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஓதினார். அந்தக் கவுன்சிலர் யார் என்று அவரும் சொல்லவில்லை, எங்கள் தெருவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு புத்திசாலித் தெரு. வார்டு எல்லைகளைத் திருத்தும் நேரம் வந்தபோது தெருவே திரண்டுபோய், எங்களைப் பிரித்துவிடுங்கள் என்று நின்றது. சாக்கடையையே எல்லையாக வைத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். பட்டாசு வெடித்தது.

அத்தா மட்டும் வர்க்கிக்கடைக்காரரிடம் கேட்டார்: "ஏனுங்க, அந்த மேடு எந்த வார்டுல வருது?"

"அட விடுங்க பாய். அந்த மேட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கறனுங்கல்ல" என்று சொல்லி அத்தாவின் கையில் ஒரு வர்க்கியைத் திணித்தார்.

தேர்தலில் அவரே நின்றார், ஜெயித்தார். மேடு மேல் வார்டுக்குப் போயிருந்தது. அத்தா பழைய கவுன்சிலரைத் தேடிப் போனார். "செவுரு கட்டுனா யாரு ஊடு பொழைக்கும்? உங்க ஊடு. அப்ப உங்க வார்டுல கேளுங்க" என்றார் அவர். அத்தா இறங்கி வந்து வர்க்கிக்கடைக்காரரிடம் கேட்டார். "மேடு அவங்க வார்டுங்க பாய். அடுத்த வார்டுல நான் எப்படிங்க கை வெக்கறது?" என்றார் இவர். இப்படியே ஏறி இறங்கி அத்தாவின் முழங்கால்தான் தேய்ந்தது. இறக்கிய கல்லை மேல் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் நிழற்குடை கட்டினார்கள். கொட்டுகிற மழையிலும் நான் அதற்குள் ஒதுங்கியதில்லை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

வால்வை இன்றும் மூடுகிறார்கள்.

சுவரைப் பார்க்காமலே அத்தா மவுத்தானார். அதற்கடுத்த மழையில் மேடு சரிந்தது. அம்மா முன்னறையில் தொழுதுகொண்டிருந்ததால் பிழைத்தார். அடுப்பு, பாத்திரம், பின்சுவர் எல்லாம் சேற்றுக்குள். பழையவர் மேலே குடை பிடித்து நின்று எட்டிப் பார்த்தார். புதியவர் கீழே குடை பிடித்து நின்று அண்ணாந்து பார்த்தார். மண்ணை அள்ளுவதற்கு ஆள் அனுப்புங்கள் என்று புதியவரிடம் கேட்டேன். அது மேல் வார்டு மண் என்று பதில் வந்தது. அன்று அந்த ஆளை அடிக்காமல் விட்டதற்கு இன்றுவரை வருந்துகிறேன். நாங்களே அள்ளினோம், தகரம் வைத்து அடைத்தோம்.

இப்போது மறுபடி தேர்தல் வருகிறதாம். போன வாரம் சாயங்காலம் வர்க்கிக்கடைக்காரர் கும்பிட்டபடி வாசலில் வந்து நின்றார். "அக்கா, உங்க ஓட்டு நமக்குத்தானுங்க."

அம்மாவுக்கு என்னைப் போலக் கோபம் வராது. "அதுக்கென்னங்க தம்பி, போட்டாப் போச்சு. உள்ளார வாங்க. சமையக்கட்டுல உக்காந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

அவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். தகரத்தின் இடுக்கில் மேடு தெரிந்தது. தூறல் வேறு போட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கட்டுங்க அக்கா. இன்னும் நாலு ஊடு பாக்கோணும்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிறங்கிப் போனார்.

அம்மா உள்ளே போய், அந்தச் சமையலறையில் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்தார்.