பெயர் மாற்றிக்கொண்ட இயக்கமும் மைக்செட் பழனிச்சாமியும்

ஒரு இயக்கத்தைத் தடை செய்தால் கெஜட்டில் போடுவதோடு வேலை முடிந்துவிடாது. அவர்கள் ஆபீஸ் வாசலில் உத்தரவை ஒட்ட வேண்டும், ஊருக்குள் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். பாலக்காடு மாவட்ட ஸ்பெஷல் பிராஞ்சில் எஸ்.ஐ.யாகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அதுதான். கேரளத்தில் இருந்தாலும், எல்லையோர வடகரப்பதிப் பக்கம் பேச்சு தமிழ்தான்; நான் அந்தப் பக்கத்துக்காரி என்பதால் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். வேனும் செட்டும் மைக்செட் வாடகைக்கு விடும் பழனிச்சாமியுடையவை; தடைக்கு முன்னால் அந்த இயக்கத்தின் கூட்டங்களுக்கும் அவர்தான் செட் போட்டவர்.

கொஞ்ச நாளில் கோவிந்தாபுரத்தில் புதிதாக ஒரு சேவை மன்றம் முளைத்தது. கண் முகாம், ரத்ததானம் என்று நல்ல பெயர். ஒரு காலையில் பழனிச்சாமி என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க மேடம், நேத்து அந்த மன்றத்துக்குச் செட் போட்டேனுங்க. பேசுனது பழைய ஆளுங்கதான். கடைசியில எடுக்கற உறுதிமொழியும் அதேதானுங்க."

குறுக்கே நிற்பவனை உயிரோடு விடமாட்டேன் என்று முடிகிற உறுதிமொழி அது.

மன்றத்து ஆபீஸை இன்றே பூட்டிவிடலாம் என்றேன். எங்கள் டிவைஎஸ்பி ஒத்துக்கொள்ளவில்லை. புதுப் பெயர் உத்தரவில் இல்லை, பூட்டினால் கோர்ட் திறக்கச் சொல்லிவிடும் என்றார். ஆளும் நோக்கமும் ஒன்றுதான் என்று ஆதாரத்தோடு ரிப்போர்ட் போக வேண்டும். அதை வைத்து மத்திய அரசு புதுப் பெயருக்கும் தடை போட வேண்டும். பிறகு ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருவர் ட்ரிப்யூனலாக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கேட்டு, அதை உறுதி செய்ய வேண்டும். "பேர் மாத்த அவங்களுக்கு ஒரு போர்டு போதும். நமக்குச் சாட்சி வேணும்," என்றார்.

ரிப்போர்ட் போனது, புதுத் தடையும் வந்தது. பல ஆதாரங்கள் சேர்த்திருந்தோம். ஆனால் இரண்டு பெயரிலும் நடந்த கூட்டங்களை முழுசாகக் கேட்டவர் பழனிச்சாமி ஒருவர்தான். அவர் சாட்சி சொல்லப் போகிற விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. அவர் வேன் கண்ணாடியை உடைத்து, ஸ்பீக்கர்களைக் கிழித்துப் போட்டார்கள். நல்ல கல்யாண சீசன் அது. அவர் மனைவி என்னிடம் வந்து, அவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள் என்று அழுதார்.

வீட்டுக்குக் காவல் போட்டோம். பெயர் வெளியே தெரியாமல் சாட்சி சொல்லவும் வழி கேட்கலாம் என்று பழனிச்சாமியிடம் சொன்னேன். அவர் கிழிந்த ஸ்பீக்கரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சுங்களே. இனி ஜட்ஜய்யா முன்னாடி நின்னே சொல்லிப்போடறேனுங்க," என்றார்.

சாட்சிகளைக் கேட்க ட்ரிப்யூனல் பக்கத்துக் கோயம்புத்தூரில் உட்கார்ந்தது. கண் முகாம் நடத்துவது குற்றமா என்று மன்றத்தின் வக்கீல் கேட்டார். பழனிச்சாமி ஜட்ஜைப் பார்த்துச் சொன்னார்.

"முகாமுக்கு வந்த சனத்தை நான் சொல்லலைங்க. எங்க சின்னம்மாகூட அங்கதான் கண்ணாடி வாங்குச்சு. மைக்குல பேசுன நாலு பேரைத்தான் சொல்றேன்."

ஜட்ஜ் அந்த உறுதிமொழியைச் சொல்லச் சொன்னார். அவர் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

தடை உறுதியானது. மன்றத்தை நடத்தியவர்கள் மேல்தான் வழக்கு நடந்தது. முகாமுக்குப் போன ஒருவரையும் நாங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: போர்டைப் பார்த்து யாரையும் பிடிக்காதீர்கள், போர்டைப் பார்த்து யாரையும் விட்டுவிடவும் செய்யாதீர்கள். யார் என்ன செய்தார் என்று காட்டுங்கள்; நாளானாலும் பரவாயில்லை. அன்று பழனிச்சாமியைச் சாட்சிக் கூண்டு வரை கூட்டிப் போனவள் நான். என் சர்வீஸில் அதைவிடப் பெரிய வேலை எதுவும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.